பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும்

ஆடி

எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாற்றில் முதல் பக்கத்தைத்தான் நான் மிகவும் மெதுவாக வாசிப்பேன். பாட்டனார் யார், வீடு எந்தத் தெருவில் இருந்தது, எத்தனை மா நிலம், அலமாரியில் என்னென்ன புத்தகங்கள், இரவில் கதை சொன்ன அத்தை யார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு மனம் எதை உண்டு வளர்ந்தது என்று அந்தப் பக்கம் சொல்லிவிடும்.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் முதல் பக்கம் சிறியது. 1883இல் திருவாரூரில் பிறந்தார். தந்தை கிருஷ்ணசாமி, தாய் சின்னம்மாள். குடும்பத்தைத் தாங்க முடியாமல் தந்தை பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் போக முடிவெடுத்த தாய், ஐந்து வயதுப் பெண் குழந்தையை ஒரு தாசி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கைமாறாகக் கிடைத்தது பத்து ரூபாய், ஒரு பழைய புடவை.

அந்தக் குழந்தை வளர்ந்து தன் 53ஆம் வயதில் ஒரு நாவல் எழுதி வெளியிட்டது. ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்று பெயர். 1936இல் வந்த புத்தகம். ஆனால் அதன் வேர் 1890களின் தஞ்சைச் சீமையில்தான் இருக்கிறது. நாவலாசிரியர் இருபதாம் நூற்றாண்டில் எழுதினார். அதற்கான கண்கள் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே திறந்துவிட்டன.

காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது. படித்துறைகளில் கருகமணியும் காதோலையும் காப்பரிசியும் வைத்துப் பெண்கள் கும்பிடுகிறார்கள். இந்தத் தண்ணீர் சம்பா முடியும்வரை ஓடும். அதுவரை இந்தக் குறிப்பேட்டில் அவருடைய இளமையைப் பற்றி எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன். அவர் என்னென்ன சாதித்தார் என்பது பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. சாதனைக்கு முன்னால் இருந்த அந்தப் பெண் குழந்தையோடு கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும்.

ஆவணி

ஒரு கேள்வி என்னை விடவில்லை. நெல் விளையும் நாட்டில் ஒரு தாய் ஏன் குழந்தையை விற்க நேர்ந்தது?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். வானம் பார்த்த மாவட்டங்கள் பட்ட அளவுக்குக் காவிரிப் பாசனம் பாயும் தஞ்சை படவில்லை. இராமாமிர்தம் பிறந்தபோது பஞ்சம் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வயல் விளைந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. ரயில் 1861இலேயே வந்துவிட்டது.

ஆனால் விளைந்தது யார் வீட்டுக் களஞ்சியத்துக்குப் போனது என்பதுதான் விஷயம். நிலம் மிராசுதாரர்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. பண்ணையாள் சேற்றில் நின்று விதைத்தாலும் அறுவடை அவனுடையதாகவில்லை. மேளக்காரர் என்று அன்று அழைக்கப்பட்ட, பின்னாளில் இசை வேளாளர் எனப்பட்ட இசைக் குடும்பங்கள் இன்னொரு விதத்தில் பிறர் களத்தை நம்பியிருந்தன. கோயிலில் முறை, கோயில் மானியத்தில் பங்கு, மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி, பெரிய மனிதர் ஆதரவு எனப் பிழைப்பு முழுவதும் இன்னொருவர் தயவில் நின்றது. உறவும் கோயிலும் ஒதுக்கிவிட்ட குடும்பத்துக்கு ஒரு மரக்கால் நெல் கொடுக்கவும் ஆளில்லை. பசி நாடு முழுவதையும் பிடித்தால் அரசாங்கம் அதற்குப் பஞ்சம் என்று பெயர் வைத்துக் கணக்கெடுக்கும். ஒரே ஒரு வீட்டைப் பிடித்த பசி எந்த ஏட்டிலும் ஏறாது. சின்னம்மாளின் பசி அந்த வகை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை நினைத்துக்கொள்கிறேன். பல ஊர்க் கோயில்களிலிருந்தும் 400 தளிச்சேரிப் பெண்டுகளை இராசராசன் அங்கே குடியேற்றினான். அவன் ஆட்சியின் 29ஆம் ஆண்டு, அதாவது 1014 வாக்கில் வெட்டப்பட்ட கல்வெட்டு அது. ஒவ்வொரு பெண்ணின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் அதில் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். திருவாரூரிலிருந்து வந்த பெண்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

அரசன் விரும்பி அழைத்தபோது அவர்கள் மறுத்திருக்க முடியுமா என்று கல் சொல்வதில்லை. ஆனாலும் அந்த நானூறு பேருக்குப் பெயர் இருந்தது, வீடு இருந்தது, நெல் இருந்தது. எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின் அதே திருவாரூரிலிருந்து கைமாறிய குழந்தைக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கை அவரே வளர்ந்து எழுத வேண்டியிருந்தது.

புரட்டாசி

சம்பா நடவு நடக்கிறது. நாற்றங்காலிலிருந்து பறித்த முடிகளை வரப்பில் வீசி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் பெண்ணை நாற்று என்று சொல்வது நம் வழக்கம். இந்தக் குழந்தைக்கு அந்த உவமை பொருந்துமா என்று யோசித்தேன். பொருந்தாது. நாற்றங்காலை விடுவதே பறித்து நடுவதற்காக. சின்னம்மாள் மகளைப் பெற்றது அதற்காக அல்ல.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 372, 373ஆம் பிரிவுகள் பதினாறு வயதுக்குட்பட்டவர்களை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. ஆக, இராமாமிர்தம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அவரைக் காக்க வேண்டிய சட்டம் இருந்தது. கிராமங்களில் அதற்கு மறுபெயர்கள் இருந்தன. தத்து என்றார்கள். வளர்க்கக் கொடுத்தது என்றார்கள். சாமிக்கு நேர்ந்துவிட்டது என்றார்கள். கோயிலில் பொட்டுக்கட்டி முடித்துவிட்டால் ஊரே அதற்குச் சாட்சி. புகார் கொடுக்க யார் போவார்? பெற்றவள் போக மாட்டாள், வளர்ப்பவள் போக மாட்டாள், ஐந்து வயதுக் குழந்தைக்கு வழி தெரியாது.

திருவாரூருக்கும் அந்தக் குழந்தை வளர்ந்த மூவலூருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் ரயில் 1894இல்தான் வந்தது. அதற்கு முன்னால் வாய்க்கால் கரைகளை ஒட்டிய வண்டிப் பாதைதான். இன்று பேருந்தில் போனால் இரண்டு பக்கமும் வயல், நடுவில் சிற்றூர்கள், ஒவ்வொரு சிற்றூரிலும் பாடல் பெற்ற ஒரு கோபுரம். உலகத்திலேயே கோயில் நெருக்கமான நிலங்களில் இதுவும் ஒன்று. ஒரு குழந்தை கைமாறுவதை இத்தனை கோபுரங்களில் ஒன்றும் தடுக்கவில்லை. அம்மையார் பின்னாளில் நாத்திகம் பேசும் பெரியார் இயக்கத்தில் சேர்ந்தது ஏன் என்று கேட்பவர்கள் இந்த வழியில் ஒருமுறை போய்வரலாம்.

ஐப்பசி

மயிலாடுதுறையில் துலா முழுக்கு. ஊரின் பழைய பெயரான மாயவரம் இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. இங்கிருந்து மூவலூர் நடந்து போகும் தொலைவு. மார்க்கசகாயேசுவரர் கோயிலைச் சுற்றிய சிறிய ஊர்.

இந்த மாதம் ஒரு ஆண்டுக் கணக்கில் சிக்கிக்கொண்டேன். இராமாமிர்தம் ஐந்து வயதுக் குழந்தையாக இந்தப் பக்கம் வந்தது 1888 வாக்கில். அப்போது மாயூரம் என்றும் அழைக்கப்பட்ட மாயவரத்தில் ஒரு முதியவர் இருந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1872 வரை இதே ஊரில் முன்சீப். 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்டுத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பெயர் பெற்றவர். இரண்டாவது நாவலான ‘சுகுணசுந்தரி’ 1887இல் வந்தது. 1889இல் காலமானார். தமிழின் முதல் நாவலாசிரியரின் கடைசி ஆண்டும், பிற்காலத்தில் நாவல் எழுதப்போகும் பெண் குழந்தை இங்கே வந்த முதல் ஆண்டும் ஒரே ஊர்ப்புறத்தில் கழிந்திருக்கின்றன.

வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காக வாதாடியவர். 1869இலேயே ‘பெண்மதி மாலை’ எழுதினார். அவருடைய முதல் நாவலின் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்து ஊரைக் காத்தார் என்று கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடியிருக்கிறார். நல்ல மனிதர். அவர் கேட்ட கல்வி குடும்பப் பெண்களுக்கானது. தாசி வீட்டுப் பிள்ளை அந்தக் கணக்கில் சேரவில்லை. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தின் பரிவு முழுவதும் அந்த வாசலோடு நின்றது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நூறு பெண்களில் ஒருத்தி எழுத்தறிந்திருந்தாலே அதிகம் என்றிருந்த நாட்டில், தாசி வீட்டுப் பெண்களுக்கு எழுத்து வாசனை இருந்தது. பதங்களைப் பாடம் செய்ய வேண்டும், சுவரம் எழுதிப் படிக்க வேண்டும், தமிழோடு தெலுங்குச் சாகித்தியமும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பப் பெண்ணுக்கு எழுத்து கூடாது என்று தடுத்த அதே சமூகம் இவளுக்கு அதைத் தொழிலின் கருவியாகக் கொடுத்தது. கருவியை எடுத்துக்கொண்டு தொழிலை உதறுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கார்த்திகை

மாயவரத்திலிருந்து மேற்கே போனால் கும்பகோணம். அங்கே காவிரிக் கரையில் அரசினர் கல்லூரி. 1880 முதல் அங்கே தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணி ஏடுகளை ஒப்புநோக்கிக்கொண்டிருந்தார். 1887இல் நூல் வந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1886க்குச் சற்று முன், கும்பகோணத்தில் இன்னொருவரும் வாழ்ந்தார். கிருபாபாய் சத்தியநாதன். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். 1862இல் அகமத்நகரில் பிறந்தவர். கிறித்தவத்தைத் தழுவிய மராத்திப் பிராமணக் குடும்பம், பதினான்கு குழந்தைகளில் பதின்மூன்றாமவர். தந்தை ஹரிபந்த் சிறு வயதிலேயே இறந்துவிட, மூத்த அண்ணன் பாஸ்கர் அவருக்குப் புத்தகங்களைக் காட்டினார். அந்த அண்ணனும் இளமையிலேயே போய்விட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்து, ஓராண்டில் உடல் நலிந்து விட்டுவிட்டார். கல்வித் துறைப் பணியில் இருந்த கணவர் சாமுவேல் சத்தியநாதனோடு உதகை, இராஜமகேந்திரபுரம், கும்பகோணம் என்று ஊர் மாறி 1886இல் சென்னையில் நிலைத்தார். ‘சகுணா’, ‘கமலா’ என இரண்டு நாவல்கள். 1894இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அந்த நூற்றாண்டு முடியும் முன்பே அந்த நாவல்கள் தமிழிலும் வந்துவிட்டன.

கிருபாபாய் கும்பகோணத்தில் இருந்த நாட்களில் இராமாமிர்தம் திருவாரூரில் கைக்குழந்தை. இடையில் ஒரு நாள் வண்டிப் பயணம். இருவரும் சந்திக்க எந்தக் காரணமும் இல்லை, சந்திக்கவும் இல்லை. இருந்தும் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

‘சகுணா’ கிருபாபாயின் சொந்த இளமைதான். குடும்பம் தந்த அன்பும் அந்தக் குடும்பம் மாறிய சமயத்தின் வலியும் அண்ணனின் புத்தகங்களும் அதில் இருக்கின்றன. அவருக்குப் பின்னணி என்று சொல்ல ஒரு வீடு இருந்தது. துயரம் நிறைந்த வீடுதான், ஆனாலும் அவருடைய வீடு. இராமாமிர்தத்துக்கு இருந்தவை இரண்டு வீடுகள். ஒன்று அவரைக் கொடுத்த வீடு, மற்றது அவரை வாங்கிய வீடு. நாவல் எழுதப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று பேசும்போது தனி அறையும் சிறிது வருமானமும் என்று உலகம் சொல்லும். இவருடைய கதையைப் பார்த்தால் அதற்கும் முன்னால் ஒன்று தேவைப்படுகிறது: தான் விலைப்பொருள் இல்லை என்ற தீர்மானம். அதை யாரும் கொடுக்க முடியாது. இவர் தானே எடுத்துக்கொண்டார்.

மார்கழி

விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. கதிர் பால் பிடிக்கும் பருவம். பனியில் நெல்லின் மணம் தெருவுக்கு வருகிறது.

ஆடிப்பாடும் சின்ன மேளக் குடும்பத்துப் பெண் குழந்தையின் நாள் இப்படித்தான் இருட்டில் தொடங்கும். முதலில் குரல் சாதகம். பிறகு நட்டுவனாரின் தட்டுக்கழிக்கு அடவு. கால் தவறினால் அடி. சலங்கை கட்டுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அந்த வீடுகளில் சொத்து பெண்வழி இறங்கும். பெண் பிறந்தால் கொண்டாட்டம், ஆண் பிறந்தால் மேளமோ நட்டுவாங்கமோ. வீட்டை ஆள்வது தாய்க்கிழவி. வருகிற மைனரின் கழுத்துச் சங்கிலியையும் அவனுக்கு வரவிருக்கும் பாகத்தையும் ஒரே பார்வையில் எடை போடும் திறமை அவளுக்கு உண்டு. வாங்கி வளர்த்த பெண் அந்த வீட்டின் முதலீடு. எப்போது, யாரிடமிருந்து அது திரும்பி வரும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும் முன்பே திட்டமிடப்பட்டிருக்கும்.

இராமாமிர்தம் அந்த வீட்டில் பாட்டும் ஆட்டமும் கற்றார். கூடவே அந்தக் கணக்கையும் கற்றார். அவருக்கு ஏற்பாடு செய்யப்பட்டவர் வயது முதிர்ந்த ஒருவர். அவர் மறுத்தார். தனக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையைத் தன் துணையாகத் தேர்ந்துகொண்டார்.

இந்த ஒரு வரியை வரலாறுகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. அடுத்த பத்தியில் மாநாடு, அதற்கடுத்து போராட்டம், சிறை. எனக்கு இந்த இடத்தில்தான் நிற்கத் தோன்றுகிறது. போக்கிடம் இல்லாத பெண். பெற்றவர்கள் பக்கம் கதவில்லை. வளர்த்தவர்கள் பக்கம் கடன் இருக்கிறது: சோறு, சேலை, பயிற்சி, எல்லாவற்றுக்கும் கணக்கு. அந்த நிலையில் முடியாது என்று சொன்ன குரலுக்கு எந்தக் கட்சியும் அப்போது பின்னால் இல்லை. பெரியார் இயக்கம் பிறக்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் முறைக்கு எதிராகச் சட்டமன்றத்தில் பேசப் பல ஆண்டுகள் இருந்தன. கொள்கை எதுவும் கைக்கு வருவதற்கு முன்பே எழுந்த மறுப்பு அது. பின்னால் வந்த கொள்கைகள் எல்லாம் அந்த மறுப்புக்குத் துணையாக வந்து சேர்ந்தவை.

அவருக்குக் கிடைத்த பயிற்சி வீணாகவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சபையைப் பார்த்து அஞ்சாமல் நிற்கவும், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலெடுக்கவும், எதிரே இருப்பவரின் முகக்குறிப்பைப் படிக்கவும் அந்த வீடுதான் கற்றுக்கொடுத்தது. 1925இல் மாயவரத்தில் இசை வேளாளர் மாநாட்டைக் கூட்டியபோது அந்தக் குரல் பயன்பட்டது. 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த இந்தி எதிர்ப்புப் படையில், ஊருக்கு ஊர் மேடையேறிய 55 வயதுப் பெண்மணிக்கும் அதே குரல்தான்.

தை

அறுவடை முடிந்த வயல்களைத் தாண்டித் திருவையாற்றுக்குக் கூட்டம் போகிறது. தியாகராஜ ஆராதனை. சமாதிக்கு எதிரே கும்பிட்டபடி சிலையாகப் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

இந்தப் பெண்மணியை விட்டுவிட்டு இராமாமிர்தத்தைப் பற்றி எழுதினால் அது நேர்மையாகாது. நாகரத்தினம்மாளும் தேவதாசி மரபில் வந்தவர். தன் சம்பாத்தியத்தைக் கொட்டி, சிதைந்து கிடந்த தியாகராஜர் சமாதியை மீட்டுக் கட்டி 1925இல் குடமுழுக்குச் செய்தார். பெண்கள் பாட இடமில்லாதிருந்த அந்த ஆராதனையில் பெண்களைப் பாட வைத்தவரும் அவர்தான். பொட்டுக்கட்டும் முறையை ஒழிக்கும் மசோதா வந்தபோது அதை எதிர்த்தார். கலை பயின்ற பெண்களையெல்லாம் ஒரே சொல்லால் இழிவுபடுத்துகிறார்கள் என்பது அவர் வாதம்.

1910இல் அவர் முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்தவனமு’ தெலுங்குக் காவியத்தை முழுமையாகப் பதிப்பித்தார். மறு ஆண்டே அரசு அதை ஆபாசம் என்று தடுத்தது. முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் பிரதாபசிம்ம மன்னரின் தஞ்சை அரசவையில் இருந்த கணிகை. தன் நூலில் குடும்பப் பின்னணியை அவள் பெருமையாகச் சொல்கிறாள், பாட்டி தஞ்சநாயகியைப் போற்றுகிறாள். பெண்வழியாக வந்த கல்வியும் மதிப்பும் அவளுக்கு வெட்கமாக இல்லை.

1925ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்கிறேன். காவிரியின் மேல் பக்கம் திருவையாற்றில் ஒரு தேவதாசி தன் மரபின் பெருமையைக் கல்லில் நிறுத்துகிறார். கீழ்ப் பக்கம் மாயவரத்தில் இன்னொருவர் அந்த மரபை முடித்துவைக்க மாநாடு கூட்டுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பாட்டு இருக்கும் கூடத்திலிருந்து பேசினார். மற்றவர் அந்தக் கூடத்துக்குக் குழந்தைகள் எந்த வழியாக வந்தார்கள் என்பதைப் பேசினார். கலை பெரியது. ஐந்து வயதுக் குழந்தை அதைவிடச் சிறியது இல்லை. இந்த இரண்டில் ஒன்றை முதலில் வைக்க வேண்டிய நிலை வந்தால் நான் குழந்தையைத்தான் வைப்பேன்.

மாசி

நாவலை மறுபடியும் எடுத்தேன்.

காந்தா, கானவதி என்ற இரண்டு சகோதரிகள். அவர்களைப் பழக்கித் தொழில் நடத்தும் தாய். அவர்கள் வலையில் சிக்கிச் சொத்தையும் புத்தியையும் தொலைக்கும் பணக்கார வீட்டு மைனர்கள். வீட்டில் காத்திருக்கும் மனைவி. தொழிலை விட்டு வெளியே வந்து மற்றவர்களை மீட்கும் பெண்கள். நீண்ட வாதங்கள், சொற்பொழிவுகள். கடைசியில் எல்லோருக்கும் தெளிவு.

பிரச்சாரம் என்பார்கள். கலை நயம் போதாது என்பார்கள். பாத்திரங்கள் பேசுவதை நிறுத்துவதே இல்லை என்பார்கள். இவை எல்லாம் உண்மைதான். இவற்றைவிட என்னை உறுத்தியது வேறு. தலைப்பு குற்றத்தைத் தாசிகள் மேல் வைக்கிறது. வலை விரிப்பவர்கள் பெண்கள், விழுந்து எழுபவன் மைனர். எத்தனை பெண்களின் வாழ்வைத் தின்ற ஏற்பாட்டில் மைனருக்கு மதி வந்தது மட்டும் ஏன் தலைப்பில் நிற்க வேண்டும்? அதுவும் இவர் எழுதிய புத்தகத்தில்?

பல நாள் இந்தக் கேள்வியோடு இருந்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. இந்த நாவலுக்குள் பார்ப்பவர்கள் இருவர். ஒருவர் அந்த வீட்டில் வளர்ந்த சிறுமி. விற்கப்பட்ட குழந்தைக்குத் தெரிவது தன் கையைப் பிடித்திருக்கும் கை மட்டும். அது தாய்க்கிழவியின் கை. அதற்குப் பின்னால் இருக்கும் மிராசு, கோயில் நிர்வாகம், சாத்திரம், சட்டத்தைக் கண்டும் காணாத அரசாங்கம் எதுவும் அவள் உயரத்துக்குத் தெரியாது. ஆகவே போகசிந்தாமணி என்ற அந்தத் தாய் நாவலில் அத்தனை கூர்மையாக வருகிறாள். அவள் மகள்களுக்கு வித்தை சொல்லிக்கொடுக்கும் பக்கங்களில் எந்தச் சொற்பொழிவும் இல்லை, அங்கே எழுத்து உயிரோடு இருக்கிறது. கண்டதை எழுதும்போது எந்த எழுத்தாளருக்கும் வரும் உறுதி அது.

இரண்டாவது ஆள் முன்னுரை எழுதிய 53 வயதுப் பெண்மணி. தன் வாழ்க்கையையே அங்கே சாட்சியாக வைக்கிறார். அரசர்களும் ஜமீன்தார்களும் கோயில் அதிகாரம் கொண்டவர்களும் தங்கள் வசதிக்காகக் கட்டிய ஏற்பாடு இது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. சிறுமி கண்டது முகங்கள். பெரியவர் கண்டது ஏற்பாடு. நாவல் முழுக்க இந்த இரண்டு பார்வையும் மாறி மாறி வருகின்றன, சில சமயம் ஒன்றையொன்று இடிக்கின்றன. நயம் குறைவு என்று நாம் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் அந்த மோதல்கள்தான். கதையை நிறுத்திவிட்டுப் பாத்திரங்கள் வாதாடத் தொடங்கும்போதெல்லாம், பெரியவர் குனிந்து சிறுமிக்கு விளக்கம் சொல்வதாக இப்போது எனக்குக் கேட்கிறது. அந்த விளக்கத்தைச் சொல்ல அவள் சிறுவயதில் யாரும் இருக்கவில்லை.

பங்குனி

திருவாரூரில் ஆழித்தேர் புறப்படும் பருவம். சுந்தரரின் மனைவி பரவை நாச்சியார் இந்த ஊர்க் கணிகையர் குலத்தில் பிறந்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவருக்குக் கோயிலில் வழிபாடு உண்டு. அதே ஊரில் பிறந்து அதே குலத்து வீட்டுக்கு விற்கப்பட்ட இன்னொருவரின் பெயர் இன்று அரசாங்க ஏட்டில் இருக்கிறது. 1989இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது, புதுமைப்பெண் என்று எல்லோரும் சொல்லும் திட்டம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் ஏறுகிறது.

கல்யாணத்துக்கு என்றிருந்த பணம் படிப்புக்கு என்று மாறியது அவருக்குப் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன். மூவலூர் வழியாகக் கல்லூரிக்குப் பேருந்தில் போகும் பெண்களில் பலர் அந்தப் பணத்தைப் பெறுகிறார்கள். அவர்களுக்குத் தலைவியின் பெயரும் படமும் தெரியும். அந்தப் பெயரின் முதல் பக்கமும் தெரிய வேண்டும். பத்து ரூபாய் என்று தனக்குக் குறிக்கப்பட்ட விலையை ஒப்புக்கொள்ளாத ஒரு சிறுமி இதே வயல்களுக்கு நடுவே வளர்ந்தாள் என்பதையும், அந்த மறுப்பை 1936இல் அச்சேற்றினாள் என்பதையும் அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நாவலைக் கையில் எடுக்கும் இளைய வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முன்னுரையை முதலில் வாசியுங்கள். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, கதையில் சிறுமியின் கண் எங்கே விழித்திருக்கிறது, பெரியவரின் குரல் எங்கே எழுகிறது என்று பிரித்துப் பார்த்து வாசியுங்கள். கோபம் அதிகம் என்று தோன்றும் இடத்தில் அது எந்த வயதின் கோபம் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி வாசிக்கும்போது குறைகள் மறைந்துவிடா. ஆனால் அந்தக் குறைகளோடும் இது தமிழின் அவசியமான புத்தகங்களில் ஒன்று என்பது விளங்கும். தன் முதல் பக்கத்தைத் தானே எழுதும் உரிமை அவருக்கு இருந்தது. அதை அவர் பயன்படுத்தினார்.